சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் உண்டாகும் கேடுகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ 9 நெடுஞ்சாலையிலே, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், பிங்கா ஓயாவை அடுத்து அமைந்துள்ள ஊர் அக்குறணை. வாணிகத்திற் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களில் மிளகும், கராம்பும், சாதிக்காயும், கமுகும், பலாவும் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர்கின்றன. கமுகைத் தழுவி வெற்றிலைக் கொடியும் ஏறுகின்றது. இத்தகைய தோட்டக்காரருக்குச் சுண்ணாம்பு புதிய பொருளன்று. புளிப்பு மிகுந்த மண்ணுக்குத் தொலமைற்று இடுகின்றார். கோழிக்குச் சிப்பித் தூள் வைக்கின்றார். பசுவுக்குத் தாதுக் கலவை கொடுக்கின்றார். தாமும் வெற்றிலையிற் சுண்ணாம்பு தடவி மெல்லுகின்றார். வீட்டில் முதியோர் இருப்பின் மருந்துக்கடையில் வாங்கிய கல்சிய மாத்திரைப் போத்தலொன்றும் அலுமாரியில் இருத்தல் கூடும்.

இவை யாவும் ஒரே சத்தின் பல வடிவங்கள். அச்சத்துக் குறைந்தால் எலும்பு நலியும், பல் கெடும், முட்டையோடு மெலியும் என்பதைப் பலரும் அறிவர். மிகுந்தாற் கேடு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. எலும்புக்கு நல்லது என்ற ஒரு சொல்லே போதுமென எண்ணி, அளவு கேளாது மாத்திரை வாங்கி உண்ணும் வழக்கம் பரவி வருவதால், இவ்விடயத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியமாகின்றது.

உடல் கல்சியத்தை ஆளும் முறை

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் அமைந்துள்ளது. எஞ்சிய ஒரு பங்கே குருதியிலும் தசையிலும் நரம்பிலும் நின்று வேலை செய்கின்றது. இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும், குருதி உறைவதும் அச்சிறு பங்கினாலேயே நிகழ்கின்றன. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரையிற் கல்சியம் இருத்தல் இயல்பு. இவ்வெல்லை மிகக் குறுகியது. இதைக் காப்பதற்கெனக் கழுத்திலே, தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தில், அரிசிமணியளவான நான்கு பராதைரொயிட்டுச் சுரப்பிகள் உள்ளன. குருதியிற் கல்சியம் குறைந்தால் இவை ஓமோன் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை வெளிக்கொணரும். சிறுநீரில் அது வீணாகாது தடுக்கும். விற்றமின் டி என்னும் சத்தை ஊக்கிக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். கல்சியம் கூடினாற் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். அப்போது குடல் உறிஞ்சும் பங்கு குறையும். மிஞ்சியது மலத்தோடும் சிறுநீரோடும் கழியும்.

இந்த ஒழுங்கு இருப்பதனாலேயே சாதாரண உணவினால் ஒருவருக்குக் கல்சியம் மிகைப்படுதல் அரிதாகும். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 1000 மில்லிகிராம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கும் எழுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் 1200 மில்லிகிராம். 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வகுத்த அளவின்படி, உணவும் மாத்திரையும் சேர்ந்து, ஐம்பது வயது வரையிலுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 2500 மில்லிகிராமையும், அதற்கு மேற்பட்டோர் 2000 மில்லிகிராமையும் தாண்டலாகாது. 200 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு குவளைப் பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் உண்டு. குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பாலினால் மட்டும் 2500 மில்லிகிராமை எட்டுவதாயின் பத்துக் குவளைக்கு மேற் குடித்தல் வேண்டும். நெத்தலிக் கருவாடும், முருங்கையிலையும், குரக்கன் பிட்டும், பாலும் உண்ணும் குடும்பத்தினர் இவற்றைக் கண்டு அஞ்சுவதற்கு ஒரு காரணமுமில்லை.

ஆயின் ஒழுங்கு எங்கே குலைகின்றது? தூளாகவும் மாத்திரையாகவும் செறிந்த வடிவில் ஒரே வேளையில் மிகுதியாகச் செல்லும்போது. விற்றமின் டி அளவு கடந்து குடல் தன் வாயிலை மூடாதிருக்கும்போது. கல்சியத்தோடு காரப் பொருளும் சேரும்போது. கழிக்க வேண்டிய சிறுநீரகம் முன்னரே நலிந்திருக்கும்போது. இவற்றுள் இரண்டு மூன்று ஒருவரிடமே கூடுமாயின் நோய் விரைந்து வரும்.

பாலும் காரமும் தந்த பாடம்

இவ்வுண்மை வைத்தியருக்குத் தெரிந்தது ஒரு சிகிச்சையின் வாயிலாகவே. சிக்காக்கோ நகரின் வைத்தியர் பேர்ட்ரம் சிப்பி என்பார் 1915 ஆம் ஆண்டில் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு முறையை வெளியிட்டார். மணிக்கொரு தடவை பாலும் பாலேடும் கொடுத்தல், இடையிடையே காரத் தூள்களைக் கொடுத்து வயிற்றின் அமிலத்தை அடக்குதல் என்பதே அது. புண்ணின் நோவு தணிந்தது. முறையும் உலகெங்கும் பரவியது. 1923 இல், இம்முறையிற் சிகிச்சை பெற்றோருட் சிலருக்குத் தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியன தோன்றுவதை ஹாட், றிவர்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் எழுதினர். 1949 இல் பேர்னெற்றும் அவருடைய துணைவரும், பல்லாண்டு பாலும் காரமும் மிதமிஞ்சி உட்கொண்ட நோயாளரின் குருதியிற் கல்சியம் ஏறியிருந்ததையும், சிறுநீரகம் தளர்ந்திருந்ததையும், உடலின் மென்மையான பகுதிகளிற் கல்சியம் படிந்திருந்ததையும் விளக்கினர். இந்நோய்க்குப் பால் – காரக் கூட்டுநோய் என்று பெயர்.

1970களின் பிற்பகுதியில் அமிலச் சுரப்பையே குறைக்கும் புதிய மருந்துகள் வந்தபின் இந்நோய் ஏறக்குறைய மறைந்தது. பின்னர், எலும்பு நலிவுக்கும் நெஞ்செரிவுக்குமாகக் கல்சியம் காபனேற்று மாத்திரைகளை மக்கள் தாமே வாங்கி உண்ணத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிட்டது. இப்போது பால் அதிற் பெரும்பங்கு வகிப்பதில்லை. மாத்திரையே கல்சியமாகவும் காரமாகவும் இரு வேலைகளையும் செய்கின்றது. முன்னர் வயிற்றுப் புண்ணுடைய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட நோய், இன்று முதுமையெய்திய பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது.

வெற்றிலைச் சுண்ணாம்பு

நம் நாட்டினர் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிப்பிச் சுண்ணாம்புக் குழம்போடு பாக்கு மென்று வந்தவருக்கு இதே பால் – காரக் கூட்டுநோய் உண்டானதைத் தாய்வான் நாட்டு வைத்தியர்கள் 1996 ஆம் ஆண்டில் எழுதினர். அவர் பாலை மிகுதியாகக் குடித்தவருமல்லர், மாத்திரை உண்டவருமல்லர், சுண்ணாம்பே காரணமாயிற்று. இதில் வியப்பில்லை. நீறிய சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டாகும். உலர்ந்த தூய சுண்ணாம்பில் நூற்றுக்கு 54 பங்கு கல்சியம் உண்டு. அதுவே வலிய காரமுமாகும். உலர்ந்த எடையில் இரண்டு கிராம் உள்ளே செல்லுமாயின், ஒரு நாளுக்கு வேண்டிய கல்சியம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். நீர் கலந்த குழம்பில் இவ்விகிதம் குறையும் என்பது உண்மையே. சாற்றை உமிழ்பவருக்கும் விழுங்குபவருக்கும் வேறுபாடும் உண்டு. ஆயினும் காலைமுதல் இரவுவரை வாய் ஓயாது மெல்லும் முதியவர் விரலால் வழித்தெடுக்கும் சுண்ணாம்பை யார் அளந்து பார்க்கின்றார்?

கண்டி நாட்டில் வெற்றிலைக்குரிய மதிப்பை எவரும் அறிவர். வரவேற்பும், வணக்கமும், மன்னிப்பும் வெற்றிலை கொடுத்தே நடைபெறும். சங்கிலி கோத்த வெள்ளி, பித்தளைச் சுண்ணாம்புச் செப்புகள் இந்நாட்டுக் கம்மாளரின் பெயர்பெற்ற வேலைப்பாடுகள். அந்தச் செப்பின் அழகைப் பழித்தல் நம் நோக்கமன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலைக் கூட்டு வாய்ப்புற்று நோயை விளைவிக்கும் என்பதும், புகையிலை சேராவிடினும் பாக்கு அந்நோய்க்குக் காரணமாகும் என்பதும் 2004 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழுவினால் உறுதியாக வகுக்கப்பட்டவை. அப்பெரிய கேட்டின் அருகிற் கல்சியத்தால் வரும் கேடு சிறியதே. எனினும், வெற்றிலை மெல்லும் முதியவர் ஒருவர் முழங்கால் நோவுக்காகக் கல்சிய மாத்திரையும், நெஞ்செரிவுக்காக அமிலமடக்கி வில்லையும், இரத்த அழுத்தத்துக்காகத் தையசைட்டு வகைச் சிறுநீர்பெருக்கி மாத்திரையும் உண்பாராயின், நால்வேறு திசைகளிலிருந்து கல்சியம் அவருடைய குருதியிற் கூடுகின்றது. தையசைட்டு மாத்திரையிற் கல்சியம் இல்லை. ஆனால் சிறுநீரிற் கழிய வேண்டிய கல்சியத்தை அது தடுத்து நிறுத்தும். சங்கு, சிப்பி, பவளம் முதலியவற்றைச் சுட்டுச் செய்யும் பற்பங்களும் பெரும்பாலும் கல்சியமே. வைத்தியர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்பார். சுண்ணாம்பையும் பற்பத்தையும் பற்றி அவர் கேளாவிடினும் நாமே சொல்லுதல் வேண்டும்.

அறிகுறிகள்

குருதியிற் கல்சியம் ஏறும்போது முதலில் தோன்றுவன எளிதிற் புறக்கணிக்கத்தக்கவை: மலச்சிக்கல், பசியின்மை, குமட்டல், வாய் வறட்சி, சோர்வு. முதியோரிடம் இவற்றைக் கண்டால் முதுமையின் இயல்பென்று விட்டுவிடுகின்றோம். அடுத்து வருவது மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும். நீரிழிவென எண்ணிச் சீனியைச் சோதித்து, இல்லையென்று கண்டு அமைதியடைவோரும் உளர். உண்மையில் மிகுந்த கல்சியம் சிறுநீரகத்தின் நீரைத் தேக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடுகின்றது. நீர் வெளியேற வெளியேற உடல் வறளும். வறண்ட உடலிற் சிறுநீரகம் உப்பையும் நீரையும் மீட்க முயலும்போது கல்சியத்தையும் காரத்தையும் சேர்த்தே மீட்கும். அதனாற் குருதியிற் கல்சியம் மேலும் ஏறும். இச்சுழலிற் சிக்கியவர் சில நாட்களிலேயே வாந்தி, மனத்தடுமாற்றம், மயக்கம் என்ற நிலையை அடைதல் கூடும். இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். இவ்வேளையில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும்போது, நோயாளி உண்ட மாத்திரைகளின் உறைகளையும் போத்தல்களையும் உடன் எடுத்துச் செல்க.

குருதியிற் கல்சியம் ஏறியோர் யாவரும் அதை மிகுதியாக உண்டவர் என்று கொள்ளலாகாது. பராதைரொயிட்டுச் சுரப்பியின் கட்டியும் சில புற்றுநோய்களுமே இதற்கு முதன்மையான காரணங்கள். ஆதலால் மாத்திரையை நிறுத்தினாற் போதுமென்று வீட்டிலிருந்துவிடாமற் குருதியைச் சோதித்தல் அவசியம்.

சிறுநீரகக் கல்

கல் உண்டானவர் முதலிற் செய்வது பாலை நிறுத்துதல். கல்லிற் கல்சியம் இருப்பதால் இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயினும் அது தவறானது. சிறுநீரகக் கற்களுட் பெரும்பாலானவை கல்சியமும் ஒட்சலேற்றும் சேர்ந்தவை. ஒட்சலேற்று, பசளி முதலிய கீரைகளிலும் வேறு பல தாவர உணவுகளிலும் உள்ளது. உணவோடு கல்சியமும் சேர்ந்து சென்றால் அது குடலிலேயே ஒட்சலேற்றைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்றும். கல்சியம் இல்லாவிடின் ஒட்சலேற்று குருதியிற் புகுந்து சிறுநீரகத்தை அடையும். 45,000 க்கு மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 1993 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உணவிற் கல்சியம் கூடுதலாக உண்டோருக்கே கல் குறைவாக உண்டாயிற்று. 1997 இற் பெண்களை ஆராய்ந்தபோதும் உணவுக் கல்சியம் அவ்வாறே காத்தது. மாத்திரையாக உண்டோருக்கோ கல் கூடியது. 2006 இல் வெளியான வேறொரு பெரும் பரிசோதனையில் 36,282 பெண்கள் பங்குபற்றினர். நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு விற்றமின் டியும் மாத்திரையாகப் பெற்றோருக்கு, பெறாதோரிலும் பார்க்க, நூற்றுக்கு 17 பங்கு கூடுதலாகக் கல் ஏற்பட்டது.

எனவே கல்லுடையவர் பாலையும் தயிரையும் அளவாக உணவோடு கொள்ளலாம். கல்சிய மாத்திரை வேண்டுமாயின் வைத்தியரைக் கேட்டு, பெரும்பாலும் சாப்பாட்டோடு சேர்த்தே உண்ண வேண்டும். நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, வெறும் வயிற்றிற் பிலிம்பிக்காய்ச் சாற்றையோ காமரங்காய்ச் சாற்றையோ குவளை குவளையாகக் குடிப்பது, ஒட்சலேற்றைத் தனியே உள்ளே செலுத்துவதற்கு ஒப்பாகும். அவ்வாறு குடித்துச் சிறுநீரகம் கெட்டோரைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களும் எழுதியுள்ளனர்.

கிணற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். மாத்தளை, திகனைப் பகுதிகளில் நிலத்தின்கீழ்ப் பளிங்குச் சுண்ணக்கற் படைகள் உண்டு. சுண்ணாம்புச் சூளைகளும் தொலமைற்றும் அவற்றை ஒட்டியே வந்தன. அத்தகைய படைகளின்மேல் வெட்டிய கிணறுகளில் வன்னீர் ஊறுதல் இயல்பு. கேத்தலின் அடியில் வெண்படிவு கண்டு, இதுதான் கல்லாக மாறுகின்றதோ எனப் பலர் அஞ்சுகின்றனர். கணக்குப் பார்த்தால் அச்சம் குறையும். ஓர் இலீற்றரில் 250 மில்லிகிராம் வன்மையுள்ள நீரில், அவ்வன்மை முழுவதும் கல்சியத்தால் ஆயதெனக் கொண்டாலும், கல்சியம் 100 மில்லிகிராமே. அந்நீரை மூன்று இலீற்றர் குடிப்பவர் ஒன்றேகாற் குவளைப் பாலிலுள்ள அளவையே பெறுகின்றார். நீரைக் குறைத்துக் குடிப்பதே கல்லுக்கு இடமளிக்கும்.

கர்ப்பிணிகளும் இரும்பு மாத்திரையும்

மேற்கூறியவற்றைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் தாய்சேய் நிலையத்திற் கொடுக்கும் கல்சிய மாத்திரையை நிறுத்திவிடலாகாது. உணவிற் கல்சியம் குறைந்த நாடுகளிற் கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கப்படுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் விதந்துரைத்துள்ளது. கர்ப்பகாலத்து இரத்த அழுத்த நோயாகிய முன்வலிப்பைக் குறைப்பதே அதன் நோக்கம். மருத்துவமாது கூறும் அளவு மிகையன்று. அதே மாத்திரையை மருந்துக்கடையிலும் வாங்கி இரட்டித்து உண்பதே தவறு.

இரும்பு மாத்திரையைக் கல்சிய மாத்திரையோடு ஒரே வேளையில் விழுங்கலாகாது. பாலோடும் பால்தேநீரோடும் விழுங்கலாகாது. கல்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தோட்டக்காரருக்கு இதை விளக்குவது எளிது. சுண்ணாம்பை அளவுக்கு மேல் இட்ட நிலத்தில் இரும்பு மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாது. இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக வெளிறும். குருதிச்சோகையுற்ற தாயின் குடலிலும் ஏறக்குறைய இத்தகைய ஒரு தடையே நிகழ்கின்றது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலுமாகப் பிரித்து உண்டால் இரண்டும் பயன்படும். தைரொயிட்டு நோய்க்கான மாத்திரை உண்போரும் அதற்கும் கல்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுதல் வேண்டும்.

கோழிக் கூட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும்

ஒரு கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் அடங்கியுள்ளது. நாள்தோறும் இதை ஈடுசெய்வதற்காக முட்டைக் கோழித்தீனில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை கல்சியம் சேர்க்கப்படுகின்றது. வளரும் குஞ்சுக்கு வேண்டியதோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே. கூடு ஒன்றாக இருப்பதால் தீனும் ஒன்றாக இருக்கட்டுமென எண்ணி, முட்டைக் கோழித்தீனையே குஞ்சுகளுக்கும் வைப்போர் உளர். சில வாரங்களிற் குஞ்சுகளின் சிறுநீரகம் பழுதடையும். யூரிக் அமில உப்பு வெளியேற வழியின்றி ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையாகப் படியும். தொற்றுநோயென எண்ணி மருந்து தேடும் வேளையிற் குஞ்சுகள் இறந்துவிடும். தப்பியவையும் பின்னர் முட்டையிடும் பருவத்திற் சிறுநீரகக் கல்லினால் மடிதல் உண்டு.

பசுவின் நிலை இன்னும் விசித்திரமானது. கன்று ஈன்ற ஓரிரு நாட்களிற் பசு எழ இயலாது தலையை விலாப்புறம் மடித்துக் கிடக்கும் நோயைப் பாற்காய்ச்சல் என்பர். பெயரிற் காய்ச்சல் இருப்பினும் உடல் குளிர்ந்தே இருக்கும். குருதியிற் கல்சியம் திடீரெனக் குறைவதே காரணம். ஆதலாற் பலர் ஈனுவதற்கு முன்னரே சுண்ணாம்பும் தாதுக் கலவையும் நிறையக் கொடுத்து முற்காப்புச் செய்ததாக எண்ணுகின்றனர். விளைவு நேர்மாறானது. மிகுந்த கல்சியம் வந்துகொண்டிருக்கையிற் பராதைரொயிட்டுச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். சீம்பாலில் இலீற்றருக்கு இரண்டு கிராமுக்கு மேற் கல்சியம் வெளியேறும் நாளில், எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்க அவை உடனே விழித்துக்கொள்ளா. ஈனுமுன் கல்சியத்தைக் குறைத்தாற் பாற்காய்ச்சல் குறையுமென 1954 ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவிற் போடா, கோல் என்னும் இருவர் காட்டினர். ஆகவே பால் வற்றிய பசுவுக்கு ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களிற் கல்சியம் மிகுந்த தாதுக் கலவையை நிறுத்தி வைத்தல் நன்று. ஈன்ற நாள்முதல் மீண்டும் கொடுக்கலாம். முன்னொரு தடவை பாற்காய்ச்சல் கண்ட பசுவாயின் அரசாங்க மிருக வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவித்து வைக்க வேண்டும்.

வீட்டுக் கோழிகளுக்குச் சிப்பித் தூளைத் தீனோடு கலவாது தனித் தட்டில் வைக்க. முட்டையிடும் கோழி மாலையில் வந்து தனக்கு வேண்டியதை மட்டும் கொத்தும். குஞ்சும் சேவலும் அதைப் பெரும்பாலும் தீண்டா.